அத்தை வாங்காத டிக்கெட்

உள்ளங்கால் சுட்டது. கண்டி என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தச் சூடுதான். ஏரி, மாளிகை, அலங்காரம் பூண்ட யானை என்று அந்த ஊரைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாகத் தொடங்கும் எதிலிருந்தும் என்னால் தொடங்க முடியாது. பகல் பதினொரு மணி வெயிலில், ஒரு பழைய விகாரைக்கு ஏறும் பாறைப் படியில், ஒரு காலைத் தூக்கி மறு காலை ஊன்றி, பிறகு அதைத் தூக்கி இதை ஊன்றி, கொக்கு போல நின்றுகொண்டிருந்த பதினொரு வயதுப் பெண்ணாகத்தான் அந்த ஊரில் என்னை எனக்குத் தெரிகிறது. வருடத்தில் பாதிக்கு மேல் வெயில் கொளுத்தும் ஷார்ஜாவில் வளர்ந்தவள் நான். ஆனால் அங்கே செருப்பில்லாமல் வெளியே நடந்ததே கிடையாது. வெயில் என்பது கண்ணாடிக்கு வெளியே இருக்கிற ஒன்று. அது காலுக்கு அடியிலும் இருக்கும் என்பதை மலைநாட்டுக்கு வந்துதான் கற்றுக்கொண்டேன்.

எதையும் ஆண்டு மாதத்தோடு குறித்துவைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. இது நடந்தது 2003ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம். அப்பாவின் பழைய பாஸ்போர்ட்டில் இருக்கும் வருகை முத்திரையையும் புறப்பாட்டு முத்திரையையும் வைத்து, பெரஹெரா ஊர்வலம் முடிந்துவிட்டது, தெருவோரம் கட்டிய மூங்கில்களை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள் என்ற அம்மாவின் நினைவையும் சேர்த்துப் பார்த்தால், நிக்கினி என்னும் ஆகஸ்ட் பௌர்ணமி கழிந்த வாரம் என்று உறுதியாகச் சொல்லலாம். கிழமை வியாழனா வெள்ளியா என்பது தெரியவில்லை. தெரியாததை நான் எழுதுவதில்லை. அந்த விகாரையின் பெயரையும் எழுதப்போவதில்லை, தெரிந்திருந்தும். எழுதினால் அங்கே மேசை போட்டு உட்கார்ந்திருந்த மனிதரைக் குறை சொன்னதாகிவிடும். அவர் மேல் குறை எதுவும் இல்லை. தப்பு செய்தவள் நான்.

நாங்கள் அப்போது ஷார்ஜாவின் ரோலா பகுதியில், பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில், இன்னொரு குடும்பத்தோடு ஒரே ஃபிளாட்டைப் பகிர்ந்துகொண்டு இருந்தோம். அப்பா ஒரு கம்பெனியில் "ஸ்டோர் கீப்பர்". வளைகுடாவில் பன்னிரண்டு வருடம் இருந்ததில் அவருக்கு இரண்டு பழக்கங்கள் ஊறிப்போயிருந்தன. முதலாவது, எந்தக் காகிதத்தின் "ஒரிஜினல்" ஆனாலும் பெட்டிக்குள் பூட்டியிருக்க வேண்டும், வெளியே போகும்போது சட்டைப்பையில் "பத்தாக்கா" மட்டும்தான் இருக்க வேண்டும். பத்தாக்கா என்றால் அங்கே வேலை செய்கிறவர்களுக்குக் கொடுக்கும் அட்டை. வழியில் யார் நிறுத்தினாலும் அதைத்தான் நீட்டுவார்கள். இரண்டாவது, எந்தக் கவுண்டரின் முன்னால் நின்றாலும் வாயைத் திறக்கக் கூடாது. "கேட்டத குடு, சொன்ன எடத்துல கையெழுத்து போடு, கலாஸ், முடிஞ்சிச்சு. எதுத்துப் பேசுனவன் ஃபைல் அடியில போயிரும்" என்று என்னிடமே பல தடவை சொல்லியிருக்கிறார். அவர் கோழை இல்லை. அந்த ஊரில் அப்படித்தான் பிழைத்தார், எங்களையும் வரவழைத்துக்கொண்டார். இதை அவருக்காகச் சொல்லி வைக்கிறேன்.

அத்தை அப்பாவுக்கு அக்கா. கண்டிக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்து, அதே தோட்டத்தில் கொழுந்து பறித்து, அதே தோட்டத்து "லயத்தில்" இரண்டு வீடு தள்ளிக் கல்யாணம் செய்துகொண்டவர். லயம் என்பது தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டிக் கட்டிய கட்டடம். நாங்கள் விடுமுறைக்குப் போனால் தங்குவது அங்கேதான். அத்தைக்குப் பிள்ளை இல்லை, மாமா இறந்துவிட்டார், வாய் மட்டும் பத்துப் பேருக்கு இருந்தது. கொழுந்து நிறுக்கிற இடத்தில் கணக்கப்பிள்ளை தராசை அழுத்திப் பார்த்தால் "என்னாங்கய்யா, ஒங்க கையையும் சேத்து எம்பேர்ல எழுதுறீங்களா?" என்று கேட்கிறவர்.

அப்பாவும் அத்தையும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள். ஆனால் காகிதத்தில் வேறு வேறு நாட்டுக்காரர்கள். இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், வளைகுடாவில் என்னோடு பழகும் தமிழர்களுக்கே இது தெரிவதில்லை. சுதந்திரம் கிடைத்த 1948ஆம் வருடமே வந்த குடியுரிமைச் சட்டம் எங்கள் மக்களை எந்த நாட்டவரும் இல்லாமல் ஆக்கியது. 1964இல் இரண்டு அரசாங்கங்கள் உட்கார்ந்து, இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று ஆட்களைப் பிரித்துக்கொண்டன. அதற்குப் பின் தோட்டம் தோட்டமாக மனு வாங்கினார்கள். என் தாத்தா எந்த மனுவும் போடவில்லை; ஆகவே அப்பாவுக்கு 1988இல் வந்த சட்டத்தில் இலங்கைக் குடியுரிமை கிடைத்தது, அதை வைத்துத்தான் பாஸ்போர்ட் எடுத்தார். அத்தைக்கு அதற்குள் கல்யாணம் ஆகியிருந்தது. மாமா இந்தியாவுக்கு மனு போட்டபோது பெண்டாட்டி பெயரையும் சேர்த்தே போட்டுவிட்டார். அவரிடம் கேட்டுவிட்டா போட்டார்? இந்திய பாஸ்போர்ட் வந்தது. புறப்படுகிற தேதியும் வந்தது. அத்தை மூட்டை கட்டவில்லை.

"நீங்க போட்ட மனு. நீங்க போங்க" என்றாராம்.

மாமா தனியாகப் போகவில்லை. அடுத்த மாதம், அடுத்த வருடம் என்று தள்ளிக்கொண்டே போய், 1984இல் இந்தியாவுக்குப் போகும் தலைமன்னார்க் கப்பலே நின்றுவிட்டது. மாமா அந்தத் தோட்டத்திலேயே செத்து அங்கேயே அடக்கமானார். அத்தையின் தகரப் பெட்டியில் காலாவதியான இந்திய பாஸ்போர்ட் ஒன்று கிடந்தது. இலங்கை அடையாள அட்டை கிடையாது. இந்தியாவை அவர் கண்ணால் பார்த்தது இல்லை. 1988ஆம் வருடச் சட்டம் மனு போடாதவர்களுக்குத்தான். மனு போட்டவர்கள் கணக்கில் அவர் பெயர் இருந்ததால் அதிலும் அவருக்கு இடமில்லை. 2003 ஆகஸ்டில், தான் பிறந்த அறையிலிருந்து கூப்பிடு தூரத்தில் குடியிருந்த அந்த மனுஷி, சட்டப்படி வெளிநாட்டவர்.

அந்த விகாரைக்குப் போக வேண்டும் என்றது அத்தைதான். புத்தர் சிலை இருக்கும் கட்டடத்தைச் சுற்றித் தெய்வங்களுக்கும் அங்கே சந்நிதிகள் உண்டு. அதில் ஒன்று பிள்ளையாருக்கு. கண்டிச் சீமை விகாரைகளில் இது புதுமையில்லை. புத்தரும் பிள்ளையாரும் கந்தனும் பத்தினித் தெய்வமும் ஒரே வளவில் பல நூற்றாண்டுகளாக இருக்கிறார்கள். அவர்கள் யாரும் மற்றவரிடம் அட்டை கேட்டதாகத் தெரியவில்லை. கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அத்தை போயா என்கிற பௌர்ணமி நாட்களில் தோட்டத்துப் பெண்களோடு அங்கே நடந்தே போனவர். 1983 கலவரத்துக்குப் பிறகு போகவில்லை. 2002இல் சண்டை நிறுத்தம் வந்தது. தம்பி குடும்பத்தோடு வரட்டும், எல்லாருமாகப் போய் ஒரு தேங்காய் உடைக்கலாம் என்று நேர்ந்துகொண்டு காத்திருந்தார்.

காலையில் முதலில் கண்டி நகரத்தில் இறங்கினோம். ஏரிக்கரை மதிலோரம் நடந்தோம். அப்பா எனக்கு அந்த ஏரியைக் காட்டி, "இத வெட்டுனது கண்டியோட கடைசி ராசா. அவரு தமிழரு, தெரியுமா?" என்றார். இப்போது நான் படித்துத் தெரிந்துகொண்டபடி அது பாதிதான் சரி. அந்த அரச வம்சம் மதுரைப் பக்கத்து நாயக்கர் வழி. வீட்டில் தெலுங்கு பேசியவர்கள், தமிழும் புழங்கிய அரசவை, பௌத்தத்தைக் காத்த சிங்களக் குடிகளின் அரசர்கள். 1815இல் அந்த ராஜ்யத்தை வெள்ளைக்காரன் எடுத்துக்கொண்ட பிறகுதான் காட்டை அழித்துத் தோட்டம் போட எங்கள் முப்பாட்டன்மார் நடந்து வந்தார்கள். ஆகவே ராஜாவுக்கும் எங்களுக்கும் உறவில்லை. ஏரிக்கும் மலைக்கும் ரோட்டுக்கும் ரயில்பாதைக்கும் எங்களுக்கும்தான் உறவு. அப்பா அன்று அப்படிச் சொல்லியிருந்தால் இன்னும் பலமாக இருந்திருக்கும். நீருக்கு அப்பால், புத்தரின் பல்லை வைத்திருக்கும் தலதா மாளிகையின் வெள்ளைச் சுவர் தெரிந்தது. சாயங்காலம் அங்கே போகலாம் என்றார் அப்பா. "மொதல்ல பிள்ளையாரு, அப்புறம் ஊர் சுத்தலாம்" என்று அத்தை எல்லாரையும் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்.

பஸ்ஸிலிருந்து இறங்கி வயலோரம் நடந்து போனால் பெரிய பாறை ஒன்று, அதன் தலையில் விகாரை, பாறையிலேயே வெட்டிய படிகள். மற்றவர்கள் மேலே போய்ச் செருப்பைக் கழற்றினார்கள். அத்தை முதல் படியிலேயே கழற்றினார், எங்களையும் கழற்ற வைத்தார். "கோயிலு எங்க தொடங்குதுன்னு அவுங்களா சொல்றது? மண்ணு முடிஞ்சி கல்லு வந்தா கோயிலுதான்." பாதிப் படி ஏறியதும் ஒரு சமதளம், அங்கே ஒரு மரத்தடியில் மேசை, மேசைக்குப் பின்னால் வெள்ளைச் சட்டை போட்ட நடுவயதுக்காரர், அவர் பக்கத்தில் ஒரு பலகை. உள்ளூர்க்காரர்கள் சும்மா போகலாம், வெளிநாட்டவர்களுக்கு டிக்கெட். அத்தை போய்வந்த காலத்தில் இந்த மேசை இருந்ததில்லை.

அத்தை மேசையைக் கவனிக்காமலே முன்னால் போய்விட்டார். தேங்காயும் பூவும் வைத்த பை அவர் கையில். அந்த மனிதர் தடுக்கவில்லை. அம்மாவும் கடந்துவிட்டார். பின்னால் வந்த என் காலில் புத்தம்புதிய வெள்ளைக் காலுறை இருந்ததைப் பார்த்தோ, என் தொப்பியைப் பார்த்தோ, அவர் சிரித்துக்கொண்டே ஆங்கிலத்தில் எந்த ஊர் பாப்பா என்று கேட்டார். செருப்பைக் கழற்றினாலும் காலுறையைக் கழற்றக் கூடாது என்று பிடிவாதமாக இருந்தவள் நான். ஷார்ஜாவில் யார் கேட்டாலும் சொல்கிற பதிலை, பள்ளிக்கூடத்து ஆங்கிலத்தில், தலையை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன்: நாங்கள் ஷார்ஜாவிலிருந்து வருகிறோம்.

"எல்லாருமா?"

"ஆமாம், எல்லாரும்."

இதுதான் நான் செய்தது. அவர் முகத்தில் சிரிப்பு போகவில்லை, ஆனால் கை டிக்கெட் புத்தகத்தின் மேல் போனது. அடையாள அட்டை இருக்கிறதா என்று அப்பாவிடம் மரியாதையாகச் சிங்களத்தில் கேட்டார். அட்டை என்ற சொல் காதில் விழுந்ததும் அப்பாவின் கை தானாகச் சட்டைப்பைக்குள் போய் வந்தது. பத்தாக்காவை நீட்டினார். இலங்கை அடையாள அட்டையும் பாஸ்போர்ட்டும் வழக்கப்படி பூட்டிய பெட்டியில், லயத்தில், கட்டிலுக்கு அடியில் இருந்தன. அந்த மனிதர் அரபு எழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மாத்தயா, இது வேற நாட்டு அட்ட. டிக்கெட் எடுக்கணும். நாலு பேருக்கும்" என்றார். மாத்தயா என்றால் சிங்களத்தில் ஐயா. மேலே போயிருந்த அத்தையையும் அம்மாவையும் கைதட்டிக் கூப்பிட்டார். அத்தை இறங்கி வந்தார்.

அப்பா வாதாடவில்லை. ஷார்ஜாக் கவுண்டர் முன்னால் நிற்கிற அதே நிற்பு, தோளைக் கொஞ்சம் சுருக்கி. "சரி, குடுங்க" என்று பர்ஸை எடுத்தார்.

"எதுக்கு?" என்றார் அத்தை.

"டிக்கெட்டுக்குத்தான், அக்கா. பரவால்ல, விடு."

"யாருக்கு டிக்கெட்டு?"

"எல்லாருக்குந்தான். ஐடி வீட்டுல இருக்கு. இவருகிட்ட நின்னு என்னா பேசறது? வாங்கிட்டு யல்லா போயிருவோம்."

"நீ வாங்கு. நீ ஷார்ஜாக்காரன், ஒம் பொண்டாட்டி ஷார்ஜாக்காரி, ஒம் மக வாயத் தொறந்தாலே ஷார்ஜா கொட்டுது. நான் எந்த ஊருக்காரின்னு டிக்கெட் வாங்கறது?"

"அக்கா, ஒங்கிட்டதான் கார்டு இல்லியே. காயிதத்துல நீ..." அப்பா அதோடு நிறுத்திக்கொண்டார்.

"சொல்லு. வந்தத முழுங்காத, முழுசா சொல்லு."

"என்னாங்க, மதினிகிட்ட இப்பிடியா பேசறது?" என்றார் அம்மா.

"அவன் பேசட்டும். அந்தக் காயிதம் நான் எழுதுனதா? அம்பது வருசமா எவன் எவனோ எம் பேர எழுதுனான், அதுல எங் கையெழுத்து எங்க இருக்கு? இன்னிக்கு இந்த டிக்கெட்ட நான் கைநீட்டி வாங்குனா, நானே சொன்ன மாதிரி ஆயிரும்டா. வெளியூர்க்காரின்னு நானே சொன்ன மாதிரி."

அப்பாவுக்குப் பின்னால் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள். அவர் நெற்றி வேர்த்தது. எனக்குக் காலுறைக்குள் கால் வெந்தது, நான் குதித்துக்கொண்டிருந்தேன். அத்தை என்னைத் திரும்பிப் பார்த்து, "ஏ புள்ள, மலையில அட்ட கடிக்கிறப்பகூட நாங்க இப்பிடி ஆடுனதில்ல. சும்மா நில்லு" என்றார். அந்த நிலையிலும் அம்மா சிரித்துவிட்டார். எனக்கு அழுகை வந்தது. என்ன தவறு செய்தேன் என்று அப்போது எனக்கு முழுதாக விளங்கவில்லை. ஆனால் நான் சொன்ன ஏதோ ஒரு வார்த்தையால் அத்தை மேலே போக முடியாமல் நிற்கிறார் என்பது மட்டும் விளங்கியது.

அத்தை மேசைக்காரரிடம் சிங்களத்தில் பேசினார். எனக்குச் சிங்களம் தெரியாது. பேசியதைப் பிறகு அப்பாவிடம் கேட்டு எழுதி வைத்திருக்கிறேன். தம்பி என்று பொருள்படும் "மல்லி" என்று அவரைக் கூப்பிட்டு, இந்தப் படியில் நீ பிறப்பதற்கு முன்னாலேயே நான் ஏறியிருக்கிறேன், எந்தத் தோட்டம், எந்த மலை, எந்தக் கங்காணியின் மகள் என்று கேள், சொல்கிறேன் என்றார். அவர் சங்கடப்பட்டார். "அக்கே, ஒங்க பேச்சக் கேட்டாலே தெரியுது. ஆனா ஒருக்கா வெளிநாடுன்னு சொல்லிட்டா கார்டு பாக்கணும், அதான் சட்டம்" என்றார். வரிசையில் நின்ற ஒரு வயதான சிங்கள அம்மா, விடு மகனே, பூக்கொண்டு வந்தவளை நிறுத்தாதே என்றார். மேசைக்காரர் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, மரத்தைப் பார்த்து உட்கார்ந்தார்.

"அக்கே மட்டும் போங்க. நான் பாக்கல."

நல்ல மனிதர். அப்பாவின் முகம் தெளிந்தது. "போக்கா, சொல்லிட்டாருல்ல, போ" என்றார். அத்தை நகரவில்லை.

"பாக்காம எதுக்கு விடறாரு? நான் என்ன தேங்கா திருட வந்தவளா? பாத்துட்டு விடச் சொல்லு."

அவர் திரும்பிப் பார்த்தார். பார்த்தால் கார்டு கேட்க வேண்டும். கேட்டால் கார்டு இல்லை. மறுபடி மரத்தைப் பார்த்தார். இப்படி இரண்டு தடவை நடந்தது. அத்தை பையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு படியிறங்கத் தொடங்கினார். டிக்கெட் வாங்கி நாம் மட்டும் போய்த் தேங்காய் உடைத்துவிட்டு வரலாமா என்று அம்மா மெதுவாகக் கேட்டார். அப்பா கையிலிருந்த பர்ஸைப் பார்த்தார், படியிறங்கும் அக்காவின் முதுகைப் பார்த்தார். பர்ஸை உள்ளே வைத்தார். மேசைக்காரரிடம் போய், தமிழிலேயே, "வேணாங்க. எங்களுக்கு வேணாம்" என்றார். ஒரு கவுண்டரின் முன்னால் அப்பா வேண்டாம் என்று சொல்லி நான் கேட்டது அந்த ஒரே தடவைதான்.

வயலோரத்து மரநிழலில் உட்கார்ந்து, கொண்டுபோன ரொட்டியையும் சம்பலையும் தின்றோம். அத்தை தேங்காயை ஒரு கல்லில் உடைத்து, ஒரு மூடியைப் பாறை இருக்கும் திசையில் காட்டிக் கும்பிட்டுவிட்டு எங்களுக்குக் கீறிக் கொடுத்தார். பிள்ளையார் கோபித்துக்கொள்ள மாட்டாரா என்று அம்மா கேட்டதற்கு, "அவருக்கென்ன, உள்ள உக்காந்திருக்காரு. வெளிய நின்னு பாத்தாத்தான் தெரியும்" என்றார். தலதா மாளிகைக்குச் சாயங்காலம் போகவில்லை. பஸ்ஸில் அத்தை என் பக்கத்தில் உட்கார்ந்து, என் காலுறைகளை உருவி, கொப்புளம் இருக்கிறதா என்று பார்த்தார். "இனிமே யாராச்சும் எந்த ஊருன்னு கேட்டா என்னா சொல்லுவ?" என்று நான் எதிர்பார்த்தபடி அவர் கேட்கவில்லை. "ஷார்ஜாக்காரி காலு பூனக்காலு" என்று சொல்லிச் சிரித்தார். மிச்ச விடுமுறை முழுவதும் லயத்தில் எல்லாரும் என்னை "பூனக்காலு" என்றே கூப்பிட்டார்கள். அது எனக்குத் தேவையான தண்டனைதான்.

நாங்கள் ஷார்ஜாவுக்குத் திரும்பிய சில வாரங்களில், 2003 அக்டோபரில், மிச்சமிருந்த எங்கள் மக்களுக்கும் குடியுரிமை தரும் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அப்பா காலிங் கார்டு வாங்கி, தோட்டத்துக் கடைக்குப் போன் போட்டு, அத்தையைக் கூப்பிட்டு வரச்சொல்லிக் காத்திருந்தார். ஃபாரம் கொண்டு தோட்டத்துக்கு ஆட்கள் வந்திருந்தார்கள். அத்தை கையெழுத்து போடமாட்டார் என்று அப்பா பயந்தார். எனக்கும் அதே பயம். அப்பா ஸ்பீக்கரைப் போட்டதால் நானும் கேட்டேன்.

"போட்டுட்டேன்டா" என்றார் அத்தை.

அப்பாவுக்கு நம்ப முடியவில்லை. "நெசமாவா? மனு போட மாட்டேன்னியேக்கா?"

"மனு இல்லடா இது. ஃபாரம் கொண்டாந்த பையன்கிட்ட மொதல்ல அதத்தான் கேட்டேன். தம்பி, இதுல நான் அவுங்கள கேக்கறனா, அவுங்களுக்கு சொல்றனான்னு. அவன் படிச்சுக் காட்டுனான். நான் இந்த நாட்டுக்காரியா இருக்கப் போறேன்னு சொல்ற அறிவிப்பு அது. சொல்றதுன்னா சரி. எத்தன வேணும்னாலும் போடுறேன் குடுன்னேன்."

அந்தச் சட்டத்தை நான் பெரியவளானதும் தேடிப் படித்தேன். அத்தை சரியாகத்தான் கேட்டிருக்கிறார். அவரைப் போல இந்திய பாஸ்போர்ட் வைத்திருந்தவர்கள் விண்ணப்பம் போட்டு அனுமதிக்குக் காத்திருக்கத் தேவையில்லை. விருப்பத்தை அறிவிப்பாக எழுதிக் கொடுத்தால் போதும். கொழுந்துக் கூடையோடு நின்றபடி ஒரு சட்டத்தின் மையத்தை ஒரே கேள்வியில் தொட்டவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

அடையாள அட்டை அடுத்த வருடம் கைக்கு வந்தது. 2004 மே, வெசாக் மாதத்தில், யாரையும் கூட்டிக்கொள்ளாமல், தனியாக, அத்தை அந்த விகாரைக்குப் போனார். அன்று இரவே கடைப் போனிலிருந்து அவரே ஷார்ஜாவுக்குக் கூப்பிட்டார். அவராகக் கூப்பிட்டது அதுதான் முதல் முறை. அதே மேசை, அதே ஆள்.

"கார்டு கேட்டாரா?" என்றார் அப்பா.

"கேக்கலடா பாவி! என்னப் பாத்து சிரிச்சிட்டு, போங்க அக்கேன்னுட்டாரு. ஒம்பது மாசமா நெனச்சிக்கிட்டு போயிருக்கேன், கேக்காம விட்டா எப்பிடி? நானே எடுத்து நீட்டுனேன். பாக்காம திருப்பிக் குடுக்கறாரு. மல்லி, பாருன்னேன். பாத்தாரு. பேரப் படின்னேன். படிச்சாரு. அப்புறந்தான் படி ஏறுனேன்."

அத்தை இப்போது இல்லை. அவர் இருந்த லயத்தை இடித்துத் தனி வீடுகள் கட்டிவிட்டார்கள். அந்த வீடுகள் நல்லவை, ஒழுகாதவை. லயத்துக்காக நான் அழப்போவதில்லை. மரத்தடி மேசை போய்க் கண்ணாடி வைத்த அறை வந்திருக்கிறது. அந்த நல்ல மனிதர் எங்கே என்று கேட்டேன், இப்போது இருப்பவர்களுக்குத் தெரியவில்லை. "நாடற்றவர்" என்ற சொல் அரசாங்கக் காகிதங்களில் எங்கள் மேல் விழுவதில்லை. காலிங் கார்டு கூட மறைந்துவிட்டது. அப்பா விசா முடித்துக்கொண்டு ஊரோடு போய்விட்டார், இப்போது சட்டைப்பையில் அசல் அட்டையோடுதான் வெளியே இறங்குகிறார்.

போன விடுமுறையில் முதன்முறையாக அந்தப் பாறையின் உச்சிக்கு ஏறினேன். அங்கே பதினான்காம் நூற்றாண்டுக் கல்வெட்டு இருக்கிறது, சிங்களத்தில் ஒன்று, தமிழில் ஒன்று. 2003இல் எங்களில் யாருக்கும் அது தெரியாது. பழைய எழுத்து, எனக்கு நாலைந்து எழுத்துக்கு மேல் பிடிபடவில்லை. பார்த்துக்கொண்டு நின்றேன். அதைக் காட்டி எங்களுக்கு அந்த ஊரில் உரிமை உண்டு என்று வாதாட எனக்கு ஆசை வந்தது, பிறகு போய்விட்டது. அந்தக் கல்வெட்டை வெட்டியவர்கள் எங்களுக்கு யாருமில்லை. அது இல்லாவிட்டாலும், அந்தப் பாறையில் ஒரு தமிழ் எழுத்துகூட இல்லாவிட்டாலும், அத்தைக்கு அந்தப் படியில் ஏற உரிமை இருந்தது. உரிமையைக் கல்லில் தேடத் தொடங்கினால், கல் கிடைக்காதவர்கள் என்ன செய்வார்கள்?

நான் இப்போது ஷார்ஜாவில் ஒரு டைப்பிங் சென்டரில் வேலை செய்கிறேன். காலையிலிருந்து மாலைவரை மற்றவர்களுக்குப் படிவம் நிரப்புவதுதான் தொழில். ஒரு கட்டம் வெறுமையாக இருந்தாலும் விண்ணப்பம் திரும்பி வந்துவிடும் என்பதால், காலியான கட்டத்தைக் கண்டால் கை துடிக்கும். சென்ற மாதம் இங்குள்ள தமிழர்கள் சிலர் சேர்ந்து ஒரு சிறப்பு மலர் கொண்டுவருவதாகவும், ஒவ்வொருவரும் தம் ஊரைப் பற்றி எழுத வேண்டும் என்றும் கேட்டார்கள். கூடவே ஒரு படிவம். "சொந்த ஊர்" என்ற இடத்தில் கண்டி என்று எழுதினேன். அதற்குக் கீழே "பூர்வீக மாவட்டம் (தமிழ்நாடு)" என்று இன்னொரு கட்டம். என் முப்பாட்டனார் எந்த ஊரிலிருந்து நடந்து வந்தார் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. தெரிந்திருந்தாலும் எழுதியிருக்க மாட்டேன். படிவத்தையும், கல்வெட்டு வரைக்குமான இந்தக் கட்டுரையையும் அனுப்பிவிட்டேன்.

மறுநாள் மலர்க்குழுவிலிருந்து ஒரு தம்பி போன் செய்தார், புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர், பணிவாகப் பேசுகிறவர்.

"அக்கா, ஒரு கட்டம் மறந்துட்டீங்க போல."

"மறக்கல தம்பி. வேணும்னேதான் எழுதல."

"இல்லக்கா, ஒங்க ஆளுங்க எல்லாரும் நம்ம பக்கத்துலேருந்து போனவங்கதானே? ஏதாவது ஒண்ணு போடுங்க. தெரியலன்னா திருச்சின்னு நானே போட்டுக்கறேன்."

"போடாதீங்க தம்பி. எங்களுக்காக வேற ஆளுங்க எழுதுனது போதும்."

"அப்ப லேஅவுட்ல அந்த எடம் காலியா நிக்குமேக்கா?"

"நிக்கட்டும். பாக்கறவங்க பாக்கட்டும்."

அவர் குழுவில் கேட்டுச் சொல்வதாகச் சொல்லி வைத்துவிட்டார். மலர் இன்னும் அச்சுக்குப் போகவில்லை.